வேலை முடிந்து பாட வந்தவர்கள்

ஏப்ரல் 14 நெருங்கினால் நம் காலனிகளில் ஒரு வேகம் வந்துவிடும். கொடிக்கம்பத்துக்கு வர்ணம் அடிப்போம். அண்ணல் படத்துக்கு மாலை சொல்லி வைப்போம். ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் கொடுப்போம். அன்று காலையிலிருந்து இரவு வரை ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். அந்தப் பாட்டை எழுதியவர் யார், முதலில் பாடியவர் யார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அண்ணலைப் பற்றிப் பாடும் வழக்கம் எங்கே, யாரால் தொடங்கியது என்பதும் தெரியாது.

அதைத் தேடிப் போனால் மராட்டிய நாட்டின் சேரிகளுக்குப் போய்ச் சேர்கிறோம். அங்கே ஊருக்கு வெளியே இருந்த குடியிருப்புக்கு மகார்வாடா என்று பெயர். அங்கே பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்திய பாட்டுக் குழுக்கள்தான் அம்பேத்கர் இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன. அவற்றை அம்பேத்கரி ஜல்சா என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. பகலில் மில்லிலும் கூலி வேலையிலும் இருந்துவிட்டு இரவில் பாட வந்தவர்கள். இந்த வாரம் அவர்கள் கதையைப் பார்ப்போம்.

சாதித் தொழிலாக இருந்த கலை

மராட்டிய நாட்டில் தமாஷா என்றொரு கூத்து உண்டு. பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் அது செழித்தது. ஆடியவர்களிலும் பாடியவர்களிலும் வாத்தியம் வாசித்தவர்களிலும் பெரும் பகுதியினர் மகார், மாங் முதலிய ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ரசித்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள். ஆடும் பெண்ணை நோக்கிக் காசை நீட்டி, தமக்குப் பிடித்த பாட்டைப் பாடச் சொல்வார்கள். காசை வாங்குகிறவள் சிரித்துக்கொண்டே வாங்க வேண்டும். பகலில் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கியவர்களே இரவில் அவள் ஆட்டத்தைப் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அங்கே ஹல்கி என்றொரு தோற்கருவி உண்டு. வட்டமான சட்டத்தில் தோல் கட்டி, குச்சியால் அடிப்பது. நம் பறையைப் பார்த்தவர்கள் ஹல்கியைப் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள் என்றே சொல்வார்கள். அதை அடிப்பது பெரும்பாலும் மாங் சாதியார் மேல் சுமத்தப்பட்ட வேலை. மகார்களுக்கோ வதன் என்ற பெயரில் ஊர் ஊழியம். அதிகாரிக்குச் சேதி கொண்டு போக வேண்டும், காவல் நிற்க வேண்டும், செத்த மாட்டைத் தூக்க வேண்டும். அதற்குக் கூலி, ஒரு துண்டு நிலமும் வீடு வீடாகக் கேட்டு வாங்கும் தானியமும். நம் ஊர் வெட்டியான் வேலையை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூத்தின் உருவத்தை எடுத்து உள்ளடக்கத்தை முதலில் மாற்றியவர்கள் சோதிராவ் புலேயின் வழிவந்தவர்கள். புலே 1873இல் புனேயில் சத்யசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அதன் தொண்டர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சத்யசோதக் ஜல்சா என்ற பெயரில் கிராமங்களில் பாடி நடித்தார்கள். புரோகிதரின் ஏய்ப்பும் வட்டிக்காரரின் கணக்கும் அங்கே கேலிக்கு உள்ளாயின. அந்த வழியைத்தான் அம்பேத்கர் காலத்து இளைஞர்கள் கையில் எடுத்தார்கள்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு பத்திரிகை

அம்பேத்கர் 1920இல் மூக்நாயக் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1927இல் பகிஷ்கிருத் பாரத் வந்தது. பின்னர் ஜனதா. எழுத்தின் வலிமையில் அவருக்கு இருந்த நம்பிக்கை பெரியது. ஆனால் 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலுமே நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானவர்களே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பள்ளிக்கூடத்து வாசலிலேயே நிறுத்தப்பட்ட மக்களிடம் எத்தனை பேர் படித்திருக்க முடியும்? பத்திரிகை போய்ச் சேராத குடிசைக்குச் சேதி எப்படிப் போகும்?

பாட்டாகப் போயிற்று.

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவதார் குளத்துத் தண்ணீரை அம்பேத்கர் தலைமையில் மக்கள் அள்ளிக் குடித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அங்கேயே மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீண்டது. இந்தப் போராட்டங்களின் சூட்டில்தான் ஜல்சா குழுக்கள் பிறந்தன.

அவற்றில் பெயர் பெற்றது நாசிக் பகுதியைச் சேர்ந்த பீம்ராவ் கர்டக்கின் குழு. 1930களின் தொடக்கத்தில் தம் மாவட்டத்து இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் ஜல்சா நடத்தத் தொடங்கினார். தம்முடைய பத்துக் கூட்டங்களுக்குக் கர்டக் குழுவின் ஒரு ஜல்சா சமம் என்று அம்பேத்கரே பாராட்டியதாக மராட்டியத் தலித் மக்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். பிற்காலத்தில், 1978இல், அம்பேத்கரி ஜல்சாக்களின் வடிவம் பற்றியும் பணி பற்றியும் கர்டக் ஒரு நூல் எழுதினார். அந்த நூல் இல்லாமல் போயிருந்தால் இந்த வரலாற்றில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

ஓர் இரவு ஜல்சா

ஜல்சாவுக்கு மேடை பெரிதாக வேண்டியதில்லை. சேரியின் நடுவில் ஒரு திறந்தவெளி, ஒரு விளக்கு போதும். டோல்கி, தாளம், ஒற்றைத் தந்தி கட்டிய துந்துணே, கையில் கிடைத்தால் ஓர் ஆர்மோனியம். பாடுகிறவர் ஓர் அடி பாட, பின்னால் நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள்.

பழைய தமாஷாவில் முதலில் கணபதிக்கு வாழ்த்து வரும். அதற்குக் கண் என்று பெயர். பிறகு கண்ணனும் ஆய்ச்சியரும் வரும் பகுதி, அது கவளண். அதன்பின் கதை. ஜல்சாக்காரர்கள் இந்த வரிசையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மக்களுக்குப் பழகிய வரிசை அது. அதை வைத்துக்கொண்டே உள்ளே இருந்ததை மாற்றினார்கள். கணபதி இருந்த இடத்தில் இயக்கத்துக்கும் அதன் தலைவருக்கும் வாழ்த்து வந்தது. கண்ணன் வழிமறித்து விளையாடும் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பேச்சு வந்தது. கதைப் பகுதியில் வட்டிக்காரரும் பட்டேலும் புரோகிதரும் வந்தார்கள்.

ஒருவர் ஒன்றும் அறியாதவர்போலக் கேள்வி கேட்பார், இன்னொருவர் விடை சொல்வார். நாய் குடிக்கும் குளத்தில் நாம் ஏன் குடிக்கக் கூடாது, செத்த மாட்டின் இறைச்சியை ஏன் விட வேண்டும், வதன் நிலத்தைக் காட்டி நம்மை எப்படிக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு போகும். நடுநடுவே சிரிப்பு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று அமைதியாகிவிடும் இடமும் வரும், ஏனென்றால் மேடையில் நடப்பது அன்று காலையில் அவர்களுக்கே நடந்ததாக இருக்கும்.

வதன் ஊழியத்தின் கொடுமையை நீக்க அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். சட்டமன்றத்தில் அவர் ஆங்கிலத்தில் பேசியதைக் கிராமத்து மக்கள் மராட்டியில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சட்ட மசோதாவைக் குடியானவனுக்குப் புரியும்படி பாட்டில் சொல்வது எளிய வேலையா? அதைச் செய்தவர்களில் பலர் அதிகம் படிக்க வாய்ப்பில்லாதவர்கள்.

மில் வாசலும் சால் முற்றமும்

கிராமத்தில் ஊழியம் செய்ய மறுத்தவர்களும் பஞ்சத்தில் வெளியேறியவர்களும் பம்பாய்க்குப் போனார்கள். பஞ்சாலையில் வேலை கிடைத்தது. ஆனால் நெசவுப் பிரிவுக்குள் விடவில்லை. தறிநாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்க வேண்டும். தலித் தொழிலாளியின் வாய் பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். 1928ஆம் ஆண்டு மில் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சினையை எழுப்பினார்.

வேலை முடிந்தால் திரும்புவது சால் வீட்டுக்கு. நீண்ட நடையின் இருபுறமும் ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை கட்டிய பி.டி.டி. சால்கள் வொர்லி, நாய்காவ், சிவ்டி, டிலைல் ரோடு ஆகிய இடங்களில் இருந்தன. ஓர் அறை 160 சதுர அடி. அதில் ஒரு குடும்பம் மட்டும் இருந்தால் அது அதிர்ஷ்டம். ஊரிலிருந்து வந்த தம்பியும் மாமனும் அங்கேதான் படுக்க வேண்டும். பாட இடம் ஏது? முற்றத்தில் கூடினார்கள். அப்படிக் கூடிப் பாடிய குழுக்களுக்கு காயன் பார்ட்டி என்று பெயர் விழுந்தது.

அந்தச் சால் ஒன்றில்தான் வாமன்தாதா கர்டக் வளர்ந்தார். பெயர் ஒத்திருந்தாலும் பீம்ராவ் கர்டக் வேறு, இவர் வேறு. இவர் 1922இல் நாசிக் மாவட்டம் சின்னர் தாலுகா தேஷ்வண்டி கிராமத்தில் பிறந்தவர். பம்பாய்க்கு வந்து கிடைத்த வேலையெல்லாம் செய்தார். ஒரு நாள் ஒருவர் தமக்கு வந்த கடிதத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லும்படி கேட்டார். வாலிபப் பிள்ளை, சட்டை போட்டிருக்கிறான், படித்திருப்பான் என்று அவர் நினைத்துவிட்டார். வாமனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அந்த வெட்கம் அவரை அழ வைத்தது. தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினார்.

1943இல் தம் முதல் பாட்டை எழுதினார். அப்போதைய சினிமாப் பாட்டின் மெட்டில் அமைந்த கேலிப் பாட்டு அது. கேட்டவர்கள் கைதட்டினார்கள். அதன்பின் அவர் நிறுத்தவில்லை. 2004இல் மறையும்வரை ஊர் ஊராகப் போய்ப் பாடினார். ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதினார். எழுத்து தெரியாமல் அழுத ஒருவரின் பாட்டுகளை இன்று மராட்டியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்து பட்டம் வாங்குகிறார்கள்.

அதே பம்பாயில் மாங் சாதியில் பிறந்த அண்ணாபாவ் சாட்டே இன்னொரு வழியில் போனார். 1920இல் வாட்டேகாவ் கிராமத்தில் பிறந்து, சிறு வயதில் பம்பாய்க்கு வந்து, மில்லில் வேலை பார்த்து, கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தவர். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்ற செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். பிற்காலத்தில் பக்கீரா என்ற தம் நாவலை அம்பேத்கரின் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார்.

கலையை விடுவதா, வைத்துக்கொள்வதா?

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பொருந்தும் ஒரு கேள்வி இருக்கிறது. சாதியின் பெயரால் நம் மேல் சுமத்தப்பட்ட கலையை நாம் என்ன செய்வது?

அம்பேத்கருக்குத் தமாஷா பிடிக்கவில்லை. நம் பெண்களை ஆட வைத்துக் காசு வீசும் கூத்து நமக்குப் பெருமை தராது என்பது அவர் எண்ணம். பட்டே பாபுராவ் என்பவர் பிராமணராகப் பிறந்து, தமாஷாவின் மேல் கொண்ட பற்றால் வீட்டை விட்டு வந்து, பவளா என்ற மகார் பெண் கலைஞருடன் கூத்து நடத்திப் புகழ்பெற்றவர். கூத்தில் வந்த வருமானத்தை இயக்கத்துக்குத் தர அவர் முன்வந்தபோது, நம் பெண்கள் ஆடிச் சேர்ந்த பணம் வேண்டாம் என்று அம்பேத்கர் மறுத்ததாகச் சொல்லப்படுகிறது.

ஜல்சாக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆடும் பெண்ணை மேடையிலிருந்து நீக்கினார்கள். பெண் வேடம் வேண்டிய இடத்தில் ஆண்களே கட்டினார்கள். காசை நீட்டிப் பாட்டுக் கேட்கும் வழக்கத்தை ஒழித்தார்கள். டோல்கியையும் துந்துணேயையும் மெட்டையும் விடவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. மானம் காக்கிறோம் என்று சொல்லிப் பெண்களை மேடையிலிருந்து இறக்கினார்கள். பவளா போன்ற பெரும் கலைஞர்களின் வாரிசுகளுக்குப் புதிய மேடையில் இடம் இல்லாமல் போயிற்று. ஆனாலும் பெண்கள் பாடாமல் இருக்கவில்லை. விடியற்காலையில் திரிகையில் மாவரைக்கும்போது ஓவி என்ற சிறு பாட்டுகளில் பீமைத் தங்கள் அண்ணனாக, மகனாக வைத்துப் பாடினார்கள். மராட்டியக் கிராமங்களில் ஆய்வாளர்கள் திரட்டிய திரிகைப் பாட்டுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அம்பேத்கரைப் பற்றியவையும் அவற்றில் இருக்கின்றன. இன்று கடுபாய் கராத் போன்ற பெண்கள் ஏக்தாரியை ஏந்திப் பாட, அந்தப் பாட்டு கைப்பேசி வழியாக ஊரெங்கும் போகிறது.

நம் பக்கத்திலும் இதே வாதம் நடந்தது, இன்னும் நடக்கிறது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் உண்டு. அந்த மறுப்புக்காக அடிபட்டவர்களும் உண்டு. அதே பறையை மாநாட்டு மேடையில் ஏற்றி, நம் அடையாளம் இது என்று அடிப்பவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். 2018இல் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் கானா இளைஞர்கள் ஏறினார்கள். கட்டளையின் பேரில் அடிப்பதை நிறுத்தியவரும், தன் விருப்பத்தில் அடிக்கத் தொடங்கியவரும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள் என்றே நாம் நினைக்கிறோம். யார் சொல்லி அடிக்கிறோம், யாருக்காக அடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1956க்குப் பிறகு

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று மறைந்தார். இரண்டு மாதத்துக்குள் நடந்த இந்த இரண்டும் பாட்டுக் குழுக்களை உலுக்கிவிட்டன. பாட்டில் புத்தர் வந்தார். பிரிவின் துயரம் வந்தது. இரவு முழுக்க நடக்கும் பழைய ஜல்சா குறைந்தது. கவ்வாலி மெட்டில் இரண்டு குழுக்கள் எதிரெதிரே உட்கார்ந்து போட்டிபோட்டுப் பாடும் வழக்கம் பரவியது. பிறகு கேசட் வந்தது. பிரகலாத் ஷிண்டே போன்ற பாடகர்களின் குரல் வீட்டுக்கு வீடு ஒலித்தது.

பாடியவர்களுக்கு வாழ்க்கை எளிதாகவில்லை. 1978இல் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்டச் சட்டமன்றம் தீர்மானித்தபோது, தலித் குடியிருப்புகள் தாக்கி எரிக்கப்பட்டன. பெயர் சூட்டியது 1994இல்தான். இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளும் அந்தக் கோரிக்கை பாட்டிலும் வாழ்ந்தது.

1997 ஜூலை 11 அன்று மும்பை காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்ததைக் கண்டு மக்கள் திரண்டார்கள். காவல்துறை சுட்டதில் பத்துப் பேர் செத்தார்கள். உழைக்கும் மக்களின் கவிஞராகவும் பாடகராகவும் இருந்த விலாஸ் கோக்ரே அந்தத் துயரத்தைத் தாங்க முடியாமல் நான்கு நாளில் உயிரை விட்டார். அவரைத் தொடக்கமாக வைத்து ஆனந்த் பட்வர்தன் பதினான்கு ஆண்டு உழைத்து எடுத்த ஆவணப்படம்தான் ஜெய் பீம் காம்ரேட். கல்லூரி மாணவர்கள் கூடி உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் அது.

நம் நோட்டுப் புத்தகம் எங்கே?

பீம்ராவ் கர்டக்கின் பெயர் நமக்குக் கிடைத்தது அவர் எழுதி வைத்ததால். அவர் குழுவைப் போல எத்தனையோ குழுக்கள் இருந்தன. டோல்கி வாசித்தவர், பெண் வேடம் கட்டியவர், பின்பாட்டுப் பாடியவர், விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தவர் என்று ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலோரின் பெயர் அவர்கள் தெருவைத் தாண்டி வரவில்லை.

நம் ஊர்களிலும் இப்படித்தான். மார்கழி பஜனை பாடிய தாத்தா, நடவுப் பாட்டில் முதல் அடி எடுத்துக் கொடுத்த பாட்டி, ஒப்பாரிக்கு அடுத்த ஊர்களிலிருந்தும் அழைப்பு வந்த பெரியம்மா, இயக்கக் கூட்டத்துக்கு முன்னால் பாடக் கூட்டம் சேர்த்த அண்ணன் என்று ஒவ்வொரு காலனியிலும் சிலர் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்கள் பாட்டு அவர்கள் தொண்டையில் மட்டும் இருக்கிறது. அவர்களோடு அதுவும் போய்விடும்.

படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. அடுத்த ஏப்ரல் 14க்குள் உங்கள் காலனியில் மூத்தவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர் பாடுவதைப் பதிவு செய்யுங்கள். யாரிடம் கற்றார், எந்த ஆண்டு, எந்த விழாவுக்கு, உடன் பாடியவர்கள் யார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊர் பெயரையும் தேதியையும் மறக்காமல் போடுங்கள். பாடியவரின் பெயரை அவர் அனுமதியோடு முதல் வரியில் எழுதுங்கள்.

விழா அன்று ஒலிபெருக்கியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு அவரை மேடையில் உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் பின்பாட்டுப் பாடட்டும்.